கஞ்சி போட்ட கம்பளி நூல்

கண் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. விரல்தான் முதலில் கண்டுபிடித்தது.

கல்முனைச் சந்தைக்கு வெளியே படங்கு கட்டிய நிழலில், வெளிநாட்டுப் பழைய உடுப்புகளைப் பொதி அவிழ்த்துக் கொட்டி விற்பார்கள். பள்ளிக்கூட நாடகத்தில் டாக்டராக வரும் பிள்ளைக்கு ஒரு வெள்ளைக் கோட்டு தேடிப் போயிருந்தேன். கொளுத்தும் வெயில். படங்கின் மணமும் பழந்துணி மணமும் பக்கத்துக் கருவாட்டு மணமும் சேர்ந்து மூச்சை அடைத்தன. முழங்கை வரை குவியலுக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

மென்மை என்று அதைச் சொல்ல முடியாது. இலேசான கரகரப்பு. அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழுந்து வரும் ஒரு உயிர்ப்பு. இழுத்து எடுத்தேன். ஆண்கள் போடும் முழுக்கைச் சுவெட்டர். கையால் பின்னியது. நாவல்பழ நிறம். ஒரு முழங்கையில் ஓட்டை.

"டீச்சர், அது சுவெட்டர்," என்றார் கடைக்காரர். "கல்முனையில பனி கொட்டப் போகுதெண்டு ரேடியோவில செல்லினானோ?"

பக்கத்தில் குழந்தைச் சட்டை தேடிக்கொண்டிருந்த பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள். "விடுங்க காக்கா. படிச்ச ஆக்களுக்கு நம்மட வெயிலும் குளிருமாக்கும்."

"தீப்பெட்டி இருக்கா காக்கா?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு? கடையக் கொளுத்தவா?"

ஓட்டையின் ஓரத்தில் தொங்கிய ஒரு இழையைப் பிய்த்து, அவர் தந்த குச்சியில் கொளுத்தினேன். நைலோன் உருகிச் சொட்டும். பருத்தி காகிதம் மாதிரி எரியும். இது இரண்டும் செய்யவில்லை. சுருண்டு, கருகி, தானாக அணைந்தது. தலைமயிர் கருகும் மணம் வந்தது. கடைக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

செம்மறி உரோமம். கலப்பில்லாத கம்பளி. ஆறு வருடமாக நான் தொடாத பொருள்.

அதை நெஞ்சோடு அணைத்தபடி பஸ்சில் ஏறிய பிறகுதான் நினைவு வந்தது. இந்தச் சுவெட்டரை அவிழ்த்து நூலாக்க வேண்டும். நூலைச் சிக்கில்லாமல் சுற்ற ராட்டை வேண்டும். ராட்டை என் மூத்த சகோதரி ராத்தாவின் வீட்டில் இருக்கிறது. ராத்தா என் பொருள் எதையும் கையால் தொட்டதில்லை, அதே ஆறு வருடமாக.

நனைந்த சேலை

இந்தத் தொடரைப் படித்துவரும் அக்கரைப்பற்று வாசகி ஒருவர் கடிதம் போட்டிருந்தார். 'உங்கள் வாப்பாவைப் பற்றி எழுதினீர்கள், பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதினீர்கள், மலைநாட்டைப் பற்றி எழுதினீர்கள். உங்களுக்கு ஒரு மூத்த சகோதரி இருப்பதாக ஒரே ஒரு வரிதான் வந்தது. அவர் எங்கே?'

அவர் எங்கும் போகவில்லை. எங்கள் வளவிலேயே இருக்கிறார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் போகும். மருதமுனையில் வாப்பா கட்டிய பெரிய வீடு, தறிகளோடு, மூத்தவளான ராத்தாவுக்கு. அதே வளவின் கிழக்கு மூலையில் இரண்டு அறை வைத்த சின்ன வீடு எனக்கு. நடுவில் ஒரு கிடுகு வேலி, அதில் போய்வர ஒரு கடப்பு. அந்தக் கடப்பால் தினமும் சாப்பாட்டுக் கோப்பை வரும். மீன் ஆணம், சுண்டல், பெருநாள் என்றால் வட்டிலப்பம்.

எங்களுக்குள் சண்டை என்று ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். ராத்தா என்னோடு முகம் பார்த்துக் கதைப்பாள், சிரிப்பாள், தலையிடி என்றால் கொத்தமல்லி அவித்து அனுப்புவாள். ஒன்றை மட்டும் செய்யமாட்டாள்.

ஒரு நாள் திடீரென்று மழை. கொடியில் என் சேலை காய்ந்துகொண்டிருந்தது. ராத்தா கொடிக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நின்றாள். தன் சாமான்களை எல்லாம் வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு மழைக்குள் நின்றபடியே சத்தமிட்டாள்.

"நஸீமா! உன்ட சீல நனையுது. வந்து எடு!"

நான் ஓடி வரும்வரை அவளும் நனைந்துகொண்டுதான் நின்றாள். சேலையைத் தொடவில்லை.

தபால்காரர் என் கடிதத்தைக் கொண்டுவந்தால், "அந்தப் பாயில வெச்சிட்டுப் போங்க," என்பாள். நான் மறந்து வைத்துவிட்டு வந்த பேனை ஒரு மாதம் அவளுடைய மேசையில் வைத்த இடத்திலேயே கிடந்தது. அதைச் சுற்றித் துடைத்திருந்தாள்.

சைக்கிள் கம்பி

பின்னல் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்தது. மனையியல் பாடத்தில் குழந்தைத் தொப்பி பின்ன வேண்டும். பின்னல் ஊசி இரண்டு கொண்டு வரச் சொன்னார்கள். எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு ஊசியை யாரும் கண்டதில்லை.

நான் வாப்பாவிடம் படம் கீறிக் காட்டினேன். வாப்பா படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு உடைந்த சைக்கிள் சில்லிலிருந்து இரண்டு கம்பிகளைக் கழற்றி, அளவாக வெட்டி, அம்மிக்கல்லில் முனையைத் தேய்த்தார். தேய்த்துத் தேய்த்து, தன் கன்னத்தில் குத்திப் பார்ப்பார். நோகாத அளவுக்கு வந்ததும், மறுமுனையில் சட்டைப் பொத்தானை மெழுகால் ஒட்டித் தந்தார். வகுப்பில் மற்றப் பிள்ளைகளின் ஊசி வழுக்கி நூலை விட்டது. என்னுடையது விடவில்லை.

நூல்தான் சரியில்லை. அந்த நாளில் கல்முனையில் கிடைத்தது நைலோன். ஊசியில் உரசும்போது கிறீச்சிடும். வியர்த்த கையில் ஒட்டும். ஆனாலும் தொப்பி நன்றாக வந்தது, கண்காட்சியில் வைத்தார்கள். என் பெயரைத் தாளில் இங்கிலீசில் எழுதி அதன்மேல் குத்தியிருந்தார்கள்.

ராத்தா அந்தக் கண்காட்சிக்கு வந்தாள். என் தொப்பியை நெடுநேரம் பார்த்தாள். என் பெயர் எழுதிய தாளைப் பார்த்து, "இது என்ன எழுதியிருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் சுற்றிவரப் பார்த்துவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில், "என்ட பேர்," என்றேன்.

அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நின்றவள் என்பதைவிட, நிறுத்தப்பட்டவள். வாப்பா இரண்டாவது தறி போட்டபோது அதில் உட்கார ஆள் வேண்டியிருந்தது. முதல் தறி சோற்றுக்கு. இரண்டாவது தறி நான் படிக்க. வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். நானும் சின்ன வயதில் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்கென்று ஒரு தறி இருக்கிறது என்று. அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

ஆனால் நூல் பற்றி ராத்தாவுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு விரலுக்கிடையில் உருட்டி, இது எந்தத் தரம், முறுக்குப் போதுமா, சாயம் நிற்குமா என்று சொல்வாள். கொழும்பிலிருந்து நூல் கொண்டுவரும் முதலாளிமாரே அவளிடம் நீட்டிவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

மலையில் வாங்கியது

எனக்கு முதல் நியமனம் மலைநாட்டில் கிடைத்தது. சூறாவளி எங்கள் கூரையைக் கொண்டுபோனதற்குப் பிறகு வந்த ஏதோ ஒரு வருடம். அந்தப் பயணத்தைப் பற்றி முன்னரே எழுதிவிட்டேன். அங்கே குளிர் எலும்புக்குள் புகும். காலையில் சோக்குக் கட்டியைப் பிடிக்க விரல் மடங்காது.

பஸ் நிலையத்துக்கு மேலே ஒரு சின்னக் கடை. தோட்டத்துத் துரைமாரின் மனைவிமாருக்காக நூல் வைத்திருந்தார்கள். அங்கேதான் முதன்முதலில் நல்ல கம்பளியைத் தொட்டேன். கடைக்காரப் பெண் ஒரு இழையைக் கொளுத்திக் காட்டி, மணக்கச் சொன்னாள். அன்று கற்ற வித்தைதான் கல்முனைச் சந்தையில் கடைக்காரரை மூக்கைப் பிடிக்க வைத்தது.

வாப்பாவுக்கு முட்டு வருத்தம். வருடக் கணக்காகப் பஞ்சுத் தூசியை மூச்சோடு இழுத்த நெஞ்சு. சூறாவளியன்று விடியும்வரை மழையில் நனைந்ததிலிருந்து, மாரி தொடங்கினால் அவருடைய மூச்சுச் சத்தம் தறிச் சத்தத்துக்கு மேலாகக் கேட்கும். அவருக்குக் கையில்லாத சுவெட்டர் ஒன்று, நெஞ்சை மூடுகிற மாதிரி. சாம்பல் நிறத்தில், வளையமாகச் சுற்றிய நாலு கழி நூல் வாங்கினேன்.

மலையிலேயே பின்னி முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. எல்லோருக்கும் முன்னால், வீட்டு நடுவில் உட்கார்ந்து, வாப்பா தேய்த்துத் தந்த ஊசியால் பின்ன வேண்டும் என்று ஆசை. உண்மையைச் சொன்னால், பின்னுவதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று ஆசை.

கொதித்த பானை

மார்கழி விடுமுறை. வந்து இரண்டாம் நாள், நூலை மேசையில் வைத்துவிட்டு, பொத்தான் வாங்கக் கல்முனைக்குப் போனேன். நடுப்பகல் ளுஹர் பாங்கு சொல்லும்போது திரும்பி வந்தேன்.

நூல் காயப்போடும் கம்பில், இடுப்பில் உடுக்கும் சாரனுக்கான நூல்களுக்கு நடுவில், சாம்பல் நிறத்தில் ஏதோ தொங்கியது. தடித்த கயிறு மாதிரி. கீழே தண்ணீர் சொட்டியது. அடுப்படியில் பெரிய பானை. வளவெல்லாம் கஞ்சி மணம்.

ராத்தா முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"இஞ்ச வந்து பாருகா. சுபஹுத் தொழுதுட்டு வெச்ச பானை. மூணு தரம் கொதிக்க விட்டு, கல்லில அடிச்சு, நல்ல சம்பா அரிசிக் கஞ்சி போட்டிருக்கன். எப்பிடி இறுகியிருக்கு பாரு! இனி அறவே அறாது."

இதைப் படிக்கும் உங்களில் தறி வீட்டில் பிறந்தவர்களுக்கு விளங்கும். புது நூலை அப்படியே பச்சையாக யாரும் தறியில் ஏற்றமாட்டார்கள். கொதிக்க வைத்து, அடித்து, கஞ்சி போட்டு, இழுத்துக் காயவைத்தால்தான் அது நூல். அது நூலுக்குச் செய்கிற மரியாதை. மலிவான நூல் என்றால் ஒரு கொதி போதும். என்னுடைய நூல் விலை உயர்ந்தது என்பதால் ராத்தா மூன்று கொதி வைத்தாள்.

கம்பளி பருத்தியல்ல. அது ஆட்டின் மயிர். கொதிநீரில் போட்டு அடித்தால் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். பிறகு உலகத்தில் யாராலும் அதைப் பிரிக்க முடியாது. நாலு கழியும் மணிக்கட்டுத் தடிப்பில் ஒரே வளையமாகிக் கிடந்தது. நுனியைத் தேடினேன். நுனி இல்லை.

"உன்ன ஆரு தொடச் செல்லின?" என்றேன்.

"வாடை அடிச்சிச்சு புள்ள. ஆட்டு வாடை. வாப்பாட நெஞ்சில படுற சாமான் எல்லுவா? அதான்…"

"படிக்காத கையில எதக் குடுத்தாலும் இதுதான் நடக்கும்!"

உள்ளே வாப்பாவின் தறி நின்றது.

ஒரு வருடம் முழுவதும் பிள்ளைகளின் கொப்பிகளில் சிவப்பு மையால் பிழை போட்டுவிட்டு வந்திருந்தேன். அந்தப் பழக்கமோ என்னவோ, பிழை என்று கண்டால் உடனே சொல்லிவிட வேண்டும், சத்தமாகச் சொல்ல வேண்டும், எனக்கு அதற்கு உரிமை இருக்கிறது என்று நினைத்தேன்.

வாப்பா வாசலுக்கு வந்தார். "நூல்தானே மகள்," என்றார்.

"நீங்க கதைக்க வேணா வாப்பா. இது நம்மட சாரன் நூல் இல்ல. உங்களுக்கும் விளங்காது."

உம்மாதான் குரலை உயர்த்தினார். "வாய மூடு நஸீமா! அந்தக் கை உழைச்சதுலதான் நீ சட்டை போட்டுப் பள்ளிக்குப் போன."

ராத்தா தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். பிறகு உடுத்திருந்த சீலையில் துடைத்தாள். உள்ளங்கை, புறங்கை, திரும்ப உள்ளங்கை. கை காய்ந்துதான் இருந்தது.

அன்று பின்னேரம் என் பெட்டியை நானே அடுக்கினேன். வழக்கமாக அவள்தான் அடுக்குவாள்.

தந்தி

மலைக்குத் திரும்பியதும் ஊசிகளை ட்ரங்குப் பெட்டியின் அடியில் போட்டேன். கோபத்தில் போட்டேன் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். பிறகு அந்த நூல்கடை வாசலால் போகும்போது எதிர்ப்பக்க ஒழுங்கையால் சுற்றிப் போகத் தொடங்கினேன். கோபக்காரர்கள் அப்படிச் செய்வதில்லை.

விடுமுறைகளில் வீட்டுக்கு வந்தேன். வாப்பா எப்போதும்போலவே இருந்தார். பஸ்சில் இடம் கிடைத்ததா, அங்கே மீன் கிடைக்கிறதா என்று கேட்பார். அந்த நூலைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. எங்கேயோ குப்பையில் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்டால் அந்தச் சொல்லையும் சேர்த்து யாராவது எடுத்துவிடுவார்களோ என்று பயம்.

இன்னொரு மாரியில் தந்தி வந்தது. பாதையில் வெள்ளம். இரண்டு இடத்தில் பஸ் நின்றது. நான் வந்து சேர்ந்தபோது வாப்பாவை அடக்கி ஒரு நாள் ஆகியிருந்தது. எங்களில் மையத்தை, இறந்தவர் உடலை, யாருக்காகவும் வைத்திருப்பதில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வழியெல்லாம் முகத்தைப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

ராட்டை

வாப்பா போன பிறகு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே மாற்றம் எடுத்து வந்திருந்தேன். சந்தையில் வாங்கிய சுவெட்டர் இரண்டு கிழமை அப்படியே கிடந்தது. பிறகு ஊரில் குழப்பம் வந்து ஊரடங்கு போட்டார்கள். பள்ளிக்கூடம் பூட்டு. ராத்தாவின் கணவர் நெல் வாங்கப் போன இடத்தில், வரிப்பத்தான்சேனையில், அகப்பட்டுக்கொண்டார். ஒழுங்கையில் சைக்கிள் மணிகூடக் கேட்கவில்லை. அந்த அமைதியில் அவளுடைய இருமல் வேலிக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

அது எனக்குத் தெரிந்த இருமல். முதலில் இரண்டு சின்னதாக, பிறகு இழுத்து ஒன்று. வாப்பாவினுடையது.

அன்றே சுவெட்டரைப் பச்சைத் தண்ணீரில் அலசினேன். காய்ந்ததும் தையலைப் பிரித்து, நுனியைக் கண்டுபிடித்து இழுத்தேன். வரி வரியாக உருவி வந்தது. யாரோ எந்தத் தேசத்திலோ யாருக்கோ பின்னியது. நூல் முழுக்கச் சுருள் சுருளாக, சுருட்டைமுடித் தலை மாதிரி இருந்தது. முற்றத்துக் கதிரையின் காலில் சுற்றிப் பார்த்தேன். சிக்கியது. அவிழ்த்தேன். இன்னும் சிக்கியது.

"அப்பிடிச் சுத்தினா விடியும்வரைக்கும் சிக்குத்தான் எடுப்பாய்."

கடப்பில் ராத்தா நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"அப்ப நீ சுத்தித் தாகா," என்றேன். விளையாட்டாகச் சொல்வதுபோலச் சொன்னேன்.

"என்ட கை படிக்காத கை புள்ள. நூல் பிழைச்சுப் போயிரும்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரப்போகிறது என்பதுபோலச் சொன்னாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் வெளியே வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது.

இதற்காக நான் எத்தனையோ வாக்கியம் எழுதி வைத்திருந்தேன், மனதுக்குள். வந்தது ஒன்றுதான். "நான் அண்டைக்குச் செல்லினது பிழை ராத்தா," என்றேன். பாடம் ஒப்பிக்கும் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "உனக்கு ஞாபகமா? நான் நினைச்சன் மறந்திருப்பாய் எண்டு. செல்லின ஆக்களுக்கு மறக்கும்தானே."

பிறகு உள்ளே போனாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். ராட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முற்றத்தில் வைத்தாள்.

"நீ சுத்து. நான் செல்லித் தாறன்."

அவள் மணலில் உட்கார்ந்தாள். நான் சக்கரத்தைச் சுற்றினேன். "அவசரப்படாத… நூல இறுக்கிப் பிடிக்காத, மூச்செடுக்க விடு… ஐயோ, உனக்குப் பள்ளிக்கூடத்தில இடக்கை எது, வலக்கை எது எண்டு படிப்பிக்கல்லயா?" நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள், இருமினாள். அன்று பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் எனக்குப் படிப்பித்தாள். நூலை மட்டும் தொடவில்லை. சிக்கு விழுந்த இடத்தை ஒரு ஈர்க்குச்சியால் காட்டினாள்.

"ஆருக்குப் பின்னப் போறாய்?"

"உனக்குத்தான். நெஞ்சுக்கு. மாரி வருகுது, உன்ட இருமல் இஞ்ச கேக்குது."

ஈர்க்குச்சி மணலில் ஏதோ கீறியது.

"எனக்குச் சூட்டுக்கு ஒண்டு இருக்கு," என்றாள். எழுந்து போய், தறிக்குப் பக்கத்தில் வாப்பா ஊடை நூல் ஓட்டும் நாடாக்களைப் போட்டு வைத்த மரப்பெட்டியிலிருந்து எடுத்து வந்தாள்.

சாம்பல் நிறம். அந்த வளையம். ஓரிடத்தில் வெட்டி, தட்டையாக்கி, கழுத்தைச் சுற்றிப் போடும் பட்டியாக ஆக்கியிருந்தது. கரகரப்புத் தெரியாமல் உள்பக்கம் நீலச் சாரன் துண்டு வைத்துத் தைத்திருந்தது. தையல் ராத்தாவினுடையது.

"கஞ்சி போகுமட்டும் ஏழு தரம் அலசினன். மறுகா வாப்பா கேட்டுப் போட்டாரு. நல்ல சூடு எண்டு செல்லுவாரு. மாரியில சுபஹுத் தொழப் பள்ளிக்குப் போகக்க இது இல்லாம போகமாட்டாரு. பள்ளியில கேக்கிற ஆக்களுக்கெல்லாம், 'என்ட மகள் மலையில இருந்து கொண்டந்த நூல்' எண்டு செல்லுவாராம்."

"நான் ஒரு நாளும் காணல்லயே!"

ராத்தா என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நீ வாற எண்டு கடிதம் வந்தா கழட்டி இந்தப் பெட்டிக்குள்ள வெச்சிருவாரு. கண்டா நீ ஏசுவாய் எண்டு."

நான் அதை வாங்கினேன். கையில் கனக்கவில்லை. இறுகிய கம்பளியின் மேல் ஓரத்தில், பிடுங்கினாலும் வராதபடி, இரண்டு மூன்று வெள்ளை மயிர்கள் கவ்விக் கிடந்தன. வாப்பாவின் தாடி.

என் வாப்பா, எனக்குப் பயந்து, மாரிக் குளிரில் தன் கழுத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு, பஸ்சில் இடம் கிடைத்ததா மகள் என்று கேட்டிருக்கிறார்.

மாரி

பின்னத் தொடங்கினேன். ட்ரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்த ஊசிகளில் பொத்தானின் மெழுகு விட்டுப் போயிருந்தது. முனை மட்டும் அப்படியே இருந்தது. கை மறக்கவில்லை. பழைய வேகம் மூன்று நாளில் வந்துவிட்டது. அதில் எனக்குச் சந்தோசம் வரும் என்று நினைத்தேன். ஒவ்வொரு வரி முடியும்போதும் ஊசியின் முனையைக் கன்னத்தில் குத்திப் பார்த்தேன். அவ்வளவுதான்.

முதல் மழை விழுந்த காலையில், கடைசித் தையலையும் முடித்து, பையில் வைத்துக்கொண்டு கடப்பால் போனேன். ராத்தா தறியில் இருந்தாள். நாடா அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தது. கழுத்தில் அந்தச் சாம்பல் பட்டி.

என் காலடிச் சத்தம் கேட்டது. தறி நின்றது. அவளுடைய கை தானாகக் கழுத்துக்குப் போனது. பட்டியை உருவி, சுருட்டி, மடியில் துணிக்குக் கீழே தள்ளினாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும். வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"பழகிப் போச்சு புள்ள," என்றாள்.

நான் கிட்டப் போய் அவள் மடியிலிருந்து பட்டியை எடுத்தேன். உதறினேன். அவளுடைய கழுத்தில் இரண்டு பக்கமும் சரியாக வருமாறு போட்டுவிட்டேன். அவள் தலையைக் குனிந்து தந்தாள்.

சுவெட்டரைப் பிறகு கொடுக்கலாம் என்று வந்துவிட்டேன். அது இன்னும் பையில்தான் இருக்கிறது.